திருவுளச்சீட்டு

தேர்தல் வந்தால் எனக்கு முதலில் வயிறுதான் கெடும். வேட்புமனுக் கோரும் அறிவித்தல் வெளியான நாளிலிருந்து கடைசி முடிவில் கையெழுத்து விழும்வரை சோறு இறங்காது. கஞ்சி, இளநீர், பால் விடாத பிளேன்டியில் நனைத்த பாண்துண்டு என்றே நாட்கள் ஓடும். தன்னாமுனையில் எங்கள் வீட்டில் இதை மாரி, கோடை போல ஒரு பருவமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "அம்மாக்குத் தேர்தல் தொடங்கிட்டு" என்று மகள் தகப்பனிடம் சொல்வாள். அவர் அரிசியைக் குறைத்துப் போடுவார்.

ஒரு மாவட்டத்தின் தேர்தலுக்கு முழுப் பொறுப்பும் தெரிவத்தாட்சி அலுவலருடையது. அவர் ஒருவரே எல்லா இடத்திலும் நிற்க முடியாது என்பதால் உதவித் தெரிவத்தாட்சி அலுவலர்கள் என்று எங்களில் சிலரை நியமிப்பார்கள். சட்டப்படி நாங்கள் எடுக்கும் முடிவு அவர் எடுத்த முடிவாகவே கணக்கு. என் கணவருக்கு அதில் பெருமை. எனக்கோ, இன்னொருவருடைய கையெழுத்தை நான் போட்டுக்கொண்டு திரிவதுபோல இருக்கும்.

அந்த மாதங்களில் நாங்கள் கலியாண வீடுகளுக்குப் போவதில்லை. எந்த மேசையில் யார் பக்கத்தில் இருக்க நேரிடும் என்று தெரியாது. எவருடைய கைத்தொலைபேசியில் எந்தப் படம் விழும் என்றும் தெரியாது. கோயில் திருநாளில்கூட பூசை முடிந்ததும் பின்கதவால் வெளியே வந்துவிடுவேன். இந்த முறை உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னால் மகள் தன் பல்கலைக்கழகத் தோழியின் சித்தப்பாவுடைய பதிவு ஒன்றுக்கு முகநூலில் விருப்பம் போட்டுவிட்டாள். அந்த ஆள் வேட்பாளர். நான் சமையலறையில் நின்றபடி அவளைக் கொண்டு அதை எடுப்பித்தேன்.

"ஒரு லைக்தானே அம்மா. ஆர் பார்க்கப் போறா?"

"பார்க்கிறதுக்கெண்டே இரிக்காங்க மனே. எடு."

எடுத்தாள். எடுத்தபின் அது எடுக்கப்பட்டதா என்று நானும் ஒருமுறை பார்த்தேன்.

வாக்கெடுப்பு நாள் அமைதியாகவே போனது. பெட்டிகள் நேரத்துக்குப் போயின. முகவர்கள் வந்தார்கள். ஒரு சாவடியில் மைப்போத்தல் கவிழ்ந்ததைத் தவிர முறைப்பாடு ஒன்றும் இல்லை. பின்னேரம் வாக்கெடுப்பு முடிந்து எண்ணுகிற வேலை தொடங்கியபோது நான் நகரத்தில், தெரிவத்தாட்சி அலுவலரின் அறைக்கு அடுத்த அறையில் இருந்தேன். வட்டார முடிவுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தொலைபேசிக் கோலையும் நானே எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வவுணதீவுக்கு அங்காலே உள்ள ஒரு வட்டாரத்திலிருந்து கோல் வந்தது. ஊர்ப் பாடசாலையில் இருந்த அந்த எண்ணும் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஏறாவூர்ப் பக்கத்துப் பாடசாலை அதிபர் ஒருவர். நிதானமான மனிதர். அன்று அவருடைய குரலில் அந்த நிதானம் கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

"மெடம், ரெண்டு பேருக்கும் சமமா வந்திரிக்கி."

"திரும்ப எண்ணுங்க சேர்."

"எண்ணிட்டம். முகவர்மார் கேட்டு இன்னொருக்காவும் எண்ணிட்டம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

பக்கத்து அறைக்குப் போய் மேலதிகாரியிடம் சொன்னேன். அவருக்கு முன்னால் மூன்று தொலைபேசிகள் ஒலித்துக்கொண்டிருந்தன. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த விதத்திலேயே போகப்போவது நான்தான் என்று விளங்கிவிட்டது.

"சட்டத்தில இரிக்கிறது தெரியும்தானே," என்றார். "திருவுளச்சீட்டு. எந்த முறையில எண்டது அங்க நிக்கிற அலுவலர்ட தீர்மானம். நீங்க போங்க. உங்கட முடிவு என்ட முடிவு."

அந்தச் சொல்லை அதற்குமுன் சட்டப் புத்தகத்தில் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். வாக்குகள் சமமாக இருந்தால் சீட்டெடுக்க வேண்டும்; சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு இன்னொரு வாக்கு கிடைத்ததாகக் கருத வேண்டும். திருவுளம் என்பது எங்கள் செபங்களில் வருகிற சொல். கடவுளின் விருப்பம். ஆனால் அதை எந்த முறையில் அறிவது என்று தீர்மானிப்பது மட்டும் அலுவலருடைய பொறுப்பு. சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருப்பார்களா என்று ஜீப்பில் ஏறும்போது நினைத்துக்கொண்டேன்.

வலையிறவுப் பாலத்தைக் கடக்கும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வாவித் தண்ணீரைச் சுருக்கிச் சுருக்கி அடித்தது. சாரதி கண்ணாடியை ஏற்றிவிட்டு, "மெடம், பாடசாலைக்கு முன்னால சனம் கூடிட்டாம்," என்றார். "சண்ட ஒண்டும் இல்லயாம். சும்மா நிக்கிறாங்களாம்."

சும்மா நிற்பதுதான் எனக்குப் பயம். கைப்பைக்குள் கையை விட்டுச் செபமாலையைத் தேடினேன். ஆனால் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. யார் பெயரையும் நினைத்துவிடக் கூடாது என்பதே என் மனதில் ஓடியது. எதை நினைத்துச் செபித்தாலும் அது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும்போல இருந்தது.

பாடசாலை வாசலில் மோட்டார்சைக்கிள்கள் இரண்டு கூட்டமாக நின்றன. நடுவே பொலிஸார். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலோரம் இருந்தார்கள். ஜீப் உள்ளே போகையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "இவவாம் முடிவெடுக்கிற ஆள்."

மண்டபத்துக்குள் அனல் அடித்தது. வாக்குச்சீட்டுகள் பறக்கும் என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். காற்றுக்கு அஞ்சி யன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். எண்ணும் அலுவலர்களின் சட்டைகள் முதுகோடு ஒட்டியிருந்தன.

வேட்பாளர்கள் இருவரும் ஒரே மர வாங்கின் இரண்டு நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஐம்பது வயதுக்காரர். தண்ணீர் பம்பும் உழவு இயந்திரமும் திருத்துகிறவர். நகக்கண்களில் கறுப்பு எண்ணெய் ஏறியிருந்தது. மற்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், முன்பள்ளி ஆசிரியை. இருவரும் சுயேட்சைக் குழுக்கள். இருவரும் ஒரே ஊர். அதிபர் என் காதோடு சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது: இருவரும் மச்சான் மச்சாள் முறை, சொந்த மாமன் பிள்ளையும் மாமி பிள்ளையும். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒன்றாக இருந்தவர்கள். யானை வேலி எந்த வழியாகப் போக வேண்டும், எந்த வயல் வட்டை வேலிக்கு உள்ளே வர வேண்டும், எது வெளியே நிற்க வேண்டும் என்ற பேச்சில் பிரிந்தார்கள். இரண்டு வருடமாகக் கதை இல்லையாம்.

நிராகரித்த வாக்குச்சீட்டுகளை இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்று முகவர்கள் கேட்டார்கள். அது நியாயம். ஒவ்வொன்றாக எடுத்து மேசைக்கு மேலே பிடித்துக் காட்டினேன். வெறும் சீட்டு. பெயர் எழுதிய சீட்டு. பிறகு இரண்டு சின்னத்துக்கும் புள்ளடி போட்ட ஒரு சீட்டு வந்தது. இரண்டு புள்ளடியும் ஒரே அளவு, ஒரே கவனம். நடுக்கமான கையால் மெல்ல மெல்லக் கீறியது தெரிந்தது.

அந்தப் பெண் முன்னால் குனிந்து பார்த்தார்.

"இது மாமிட வேலதான்," என்றார்.

வாங்கின் மறுநுனியிலிருந்து பம்பு திருத்துகிறவர் சிரித்துவிட்டார். "ஓம். அம்மா காலையிலயே சொன்னவ, ரெண்டு பேருக்கும் போடுறன் எண்டு. நான் வேணாமெண்டு சொன்னன் மச்சாள், கேட்டாத்தானே."

மண்டபத்தில் எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. ஒருவருடைய வாக்கு இன்னதென்று எண்ணும் நிலையத்துக்குள் சொல்லக் கூடாது; முகவர் ஒருவர் அதை எழுதி வைத்தாலே போதும்.

"ஆருடைய வாக்கெண்டு இஞ்ச கதைக்க ஏலாது," என்றேன். "தயவுசெய்து ரெண்டு பேரும் இனி இதப் பத்திக் கதைக்க வேணாம்."

இருவரும் உடனே நிறுத்திக்கொண்டார்கள். பம்பு திருத்துகிறவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் கதைத்த முதல் கதையாக அது இருந்திருக்கும். செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். ஆனாலும் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சீட்டு செல்லாது. அதில் யாருக்கும் மறுப்பில்லை. எண்ணிக்கை சமமாகவே நின்றது.

பிறகு முறை பற்றிய பேச்சு. பம்பு திருத்துகிறவருடைய முகவர் நாணயம் சுண்டலாம் என்றார். பெண்ணின் முகவர், யாருடைய நாணயம் என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவர், "கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்ப்பம் மெடம், எல்லாருக்கும் மனம் ஆறும்," என்றார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் யாருக்குச் சொந்தக்காரர் என்ற கேள்வி வந்ததும் அந்தப் பேச்சும் நின்றது. கடைசியில் அதிபர்தான் சொன்னார், வெறுமையாக இருக்கிற வாக்குப் பெட்டியையே எடுப்போம் என்று. அதைத் திறந்து கொட்டியதை இரு பக்கமும் கண்ணால் கண்டிருந்தார்கள். யாரும் மறுக்கவில்லை.

ஒரே தாளை மடித்துக் கிழித்து, ஒரே பேனையால் இரண்டு பெயரையும் எழுதினேன். இருவரிடமும் காட்டினேன். இரண்டையும் ஒரே மடிப்பாக நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டு மூடிக் குலுக்கினேன்.

எடுப்பது யார் என்பதில் மறுபடியும் நின்றுவிட்டது. நான் அதிபரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார்.

"நான் எடுத்தா அதிலயும் ஒரு கத வரும் மெடம். உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். அவர் ஏறாவூர் முஸ்லிம், இது தமிழ் ஊர்; நாளைக்கு எந்தக் கடையடியில் என்ன சொல்வார்கள் என்பதைக்கூட என்னால் சொல்ல முடியும். பொலிஸ் பொறுப்பதிகாரி தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். வேட்பாளர்கள் ஒருவருடைய ஆளை மற்றவர் ஏற்கவில்லை.

"நீங்களே எடுங்க மெடம்," என்றார் அந்தப் பெண்.

மச்சானும், "ஓம், மெடமே எடுக்கட்டும்," என்றார்.

நான் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். சட்டைக் கை முழங்கைக்கு மேலேதான் இருந்தது. ஆனாலும் இன்னும் ஏற்றிக்கொண்டேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. சேலையில் துடைத்தால் சேலைக்குள் எதையோ வைத்ததாகச் சொல்வார்களோ என்று துடைக்காமலேயே விட்டேன். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டேன்.

என் விரல் ஒரு சீட்டில் பட்டது. அதைப் பிடித்தேன். பிடித்தபின், இதையா எடுக்கிறேன் என்று உள்ளே ஒரு கேள்வி எழுந்தது. அதை விட்டுவிட்டுத் தடவி மற்றதை எடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எது யாருடையது என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் அந்தக் கணத்தில் நான் ஒன்றை விலக்கி ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். கடவுளின் விருப்பத்துக்குக் குறுக்கே என் விரல் போய்விட்டதுபோல இருந்தது.

சீட்டைப் பிரித்து உயர்த்திப் பிடித்தேன். பம்பு திருத்துகிறவருடைய பெயர்.

அவர் எழுந்து துள்ளவில்லை. வாங்கில் இன்னும் தாழ்ந்து இருந்துகொண்டார். அவருடைய முகவர்தான் கதவை நோக்கி ஓடினார். கையெழுத்து முடியும்வரை யாரும் வெளியே போக முடியாது என்று பொறுப்பதிகாரி அவரை மறித்தார். நான் கதிரையில் இருந்து முடிவை எழுதத் தொடங்கினேன். எப்படியாவது சீக்கிரம் எழுதி முடித்து, சீக்கிரம் அந்த இடத்தைவிட்டுப் போக வேண்டும் என்பதைத் தவிர என் மூளையில் ஒன்றுமில்லை.

"மெடம்," என்றார் அந்தப் பெண்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் எழுந்து நின்றார்.

"மற்றச் சீட்டையும் எடுங்க."

"அதுதான் முடிஞ்சிதே," என்றார் அந்தப் பெண்ணுடைய பக்கத்து ஆள் ஒருவரே, தாழ்ந்த குரலில்.

"முடிஞ்சிதுதான். அதில என்ன பேர் இரிக்கி எண்டு பார்க்கணும்."

இரண்டு பெயரையும் எழுதியது நான். காட்டியது நான். மடித்தது நான். ஆனாலும் பெட்டியை நோக்கிக் கையை நீட்டும்போது, இரண்டிலும் ஒரே பெயரை எழுதிவிட்டேனோ, காட்டியபோது ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லையோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. களைத்த மனம் தன்னையே நம்பாது. பெட்டிக்குள் கையை விட்டு, மிச்சமிருந்த சீட்டை எடுத்து, பிரிக்காமல் அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன்.

அவர் பிரித்தார். மின்குமிழுக்கு நேரே பிடித்து வாசித்தார். தன் மச்சானைப் பார்த்தார். சீட்டை மேசையில் விரித்து வைத்தார். அதில் அந்தப் பெண்ணுடைய பெயர்தான் இருந்தது.

"சரி," என்றார். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

அதன்பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் வாசலுக்கு நடந்து போனார். நான் பொறுப்பதிகாரிக்குக் கண் காட்டினேன். அவர் பின்னாலேயே போனார். அந்தப் பெண் தன்னுடைய ஆட்கள் நின்ற பக்கம் போய் நின்றார். சத்தம் போட்டுப் பேசவில்லை. அவர்கள்தான் அவர் சொல்வதைக் கேட்பதற்காகச் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"நான் தோத்திட்டன். சீட்டில. மற்றச் சீட்டில என்ட பேர்தான் இரிந்திச்சு. நான் கையில வாங்கிப் பார்த்தன். வீட்ட போங்க."

ஒரு இளைஞன் அந்த மெடம் யாருடைய ஆள் என்று ஏதோ கேட்டான். நான் அவருக்குப் பின்னால் சில அடி தள்ளி நின்றேன்.

"நான் பார்த்தன் எண்டு சொல்லுறன்தானே," என்றார் அவர். "போய்ச் சாப்பிடுங்க."

கொஞ்ச நேரத்தில் மோட்டார்சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மறுபக்கம் வெடி கொளுத்தப் பெட்டியோடு வந்தவர்களை வென்றவரே கையமர்த்தி அனுப்பினார். நாங்கள் பெட்டிகளோடு நகரத்துக்குத் திரும்பினோம்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மகள் கைத்தொலைபேசியோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள். காட்டலாமா வேண்டாமா என்ற முகம். முகநூலில் யாரோ எழுதியிருந்தார்கள்: படுவான்கரையில் ஒரு வட்டாரத்தில் சீட்டிழுத்தபோது ஒரு சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தார்களாம், கை வைத்ததும் குளிரில் கண்டுபிடிக்கலாமாம். அந்தப் பாடசாலையில் குளிர்சாதனப் பெட்டியே கிடையாது. அதைச் சொல்லி ஒருவர் பதில் போட்டிருந்தார். அதற்குக் கீழே, அப்படியானால் சீட்டின் மூலையை மடித்திருப்பார்கள் என்று இன்னொருவர்.

"விடுங்க அம்மா. வேலயில்லாதவங்க."

விட முடியவில்லை. மறுகிழமை எழுத்தில் ஒரு முறைப்பாடு வந்தது. அந்தப் பெண்ணுடையது அல்ல. வட்டாரத்துக்கே சம்பந்தமில்லாத ஒருவருடையது. மேலதிகாரி என்னிடம் விளக்கம் கேட்டார். கேட்கத்தான் வேண்டும். நடந்ததை ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். பெட்டி, தாள், பேனை, மடிப்பு, கழற்றிய மணிக்கூடு எல்லாம் எழுதினேன். முதலில் ஒரு சீட்டைத் தொட்டு, பிறகு அதை விட்டதை எழுதுவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அதையும் ஒரு வரியில் எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் அது என்னைத் தின்றிருக்கும்; எழுதியதும் தின்றது. அந்த வரியை வாசிக்கிறவர் என்ன நினைப்பார் என்று கற்பனை செய்துகொண்டே பாத்திரம் கழுவினேன், பூசை பார்த்தேன், பஸ்ஸில் போனேன்.

கணவர் பொறுமையாகக் கேட்பார். "ரெண்டு சீட்டையும் திறந்து காட்டினதுதானே?"

"ஓம்."

"ரெண்டு பேரும் கையெழுத்து வச்சதுதானே?"

"ஓம்."

"பிறகென்ன?"

தொலைபேசி ஒலித்தால் எழுந்து நிற்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

விசாரணைக்கு வேட்பாளர்கள் இருவரையும் அழைத்தார்கள். சீட்டெடுத்த முறையில் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று இருவரும் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். முறைப்பாடு முடிவுக்கு வந்தது என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. என்னுடைய அந்த ஒரு வரியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதற்கிடையில் முழுச் சபைக்குமான வாக்கு விகிதத்தில் அந்தப் பெண்ணின் குழுவுக்கும் ஓர் ஆசனம் கிடைத்தது. குழு அவருடைய பெயரையே அனுப்பியது. மச்சானும் மச்சாளும் ஒரே சபையில் இருக்கிறார்கள் என்று அதிபர் ஒருநாள் கோல் எடுத்துச் சொன்னார்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். ஊர் முன்பள்ளிக்குத் தண்ணீர் இணைப்புக் கேட்டு ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார். அது என் பிரிவு அல்ல; ஆனாலும் தெரிந்த முகம் என்று என்னிடம் வந்திருக்கிறார். தேத்தண்ணி வரவழைத்தேன். கடிதத்தைப் பார்த்தேன். மனதில் கிடந்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்டைக்கு மற்றச் சீட்ட எடுக்கச் சொன்னீங்க. என்னில சந்தேகமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, கூச்சப்படவும் இல்லை.

"எடுக்கக்கொள்ள உங்கட கை நடுங்கினத்தப் பார்த்தன் மெடம். கள்ள வேல செய்யிற ஆக்கள்ர கை இப்பிடி நடுங்காது எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு, நடுங்கவும் கூடும் எண்டு நினைச்சன். ரெண்டும் சரிபோலதான் இரிந்திச்சு. அதுதான் கேட்டன்."

"கேட்டது நல்லம்," என்றேன்.

"கேட்காட்டி வெளியில நிண்ட பொடியன்மாருக்கு நான் என்னத்தச் சொல்லுற?"

நான் கடிதத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்து, மேல்மாடியில் எந்த அறையில், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, முத்திரை போடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். போடும்வரை அங்கேயே நில்லுங்கள் என்றேன். சரி மெடம் என்று எழுந்து போனார். படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் மேலே ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டு, ஆறிப்போன என் தேத்தண்ணியைக் குடித்தேன்.